வாசலில் நிற்பவனுக்கு விடை சொல்வது யார்?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி டெல்லிக்கு வந்து குடியேறிய நம்மில் எவரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தேசத்தின் எப்பகுதியிலும் சென்று வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்கியிருக்கிறது. ஆனால் இவ்வுரிமை தேசத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லையைக் கடந்து வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பதா, அடைப்பதா என்பதே இன்று உலகெங்கும் நடைபெறும் விவாதம்.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. உயிர் தப்பவும் பிழைக்கவும் வருகிறவனைத் தடுப்பது தகுமோ என்பர் ஒரு சாரார். வருகிறவர் யார் என்று அறியாமல் ஓர் அரசு தன் ஜனங்களை எவ்வாறு காக்கும் என்பர் மறுசாரார். பிரியமான வாசகர்களே, இந்த வழக்கு நமக்குத் தொலைவானதன்று. இலங்கையிலிருந்து வந்த தமிழரின் காரியத்தில் முக்கியமான முடிவுகள் நாம் வாழும் இந்தத் தலைநகரிலேயே எடுக்கப்பட்டன.

1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைக் குறித்துப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்த ஜனங்களின் சம்மதத்தைக் கேளாமலே எண்ணிக்கை பங்கிடப்பட்டது.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்பு கடல் கடந்து அகதிகள் வரத் தொடங்கினர். 2012க்குள் வந்தவர்கள் மூன்று லட்சத்திற்கும் அதிகம். அரசு முகாம்கள் அமைத்து உதவித்தொகையும் அரிசியும் கொடுத்தது. அநேகர் திரும்பிப் போயினர். ஆயினும் அண்மை ஆண்டுகளிலும் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்ந்துவந்தனர். 2021இல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்ற பெயர் சூட்டப்பட்டது.

பெயர் மாறினும் நிலை மாறவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதன்பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாய் இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவரும் சட்டவிரோதமாய் வந்தவராய் இருக்கக்கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022இல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவினால் பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். சில ஆண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் அந்த வழியும் அவருக்கு அடைபட்டிருக்கும்.

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. அந்த ஆறில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அந்த மூன்றில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்தது. இது ஆறுதலே, ஆனால் குடியுரிமையன்று.

வேதத்தில் அடைக்கலப் பட்டணங்களைக் குறித்து வாசித்திருக்கிறோம். ஓடிவந்தவன் பட்டணத்து வாசலில் நின்று மூப்பர்களிடம் தன் காரியத்தைச் சொல்லவேண்டும். அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு இடம் கொடுக்கவேண்டும். பின்பு சபைக்கு முன்பாக நியாயம் விசாரிக்கப்படவேண்டும். அங்கே வாசலும் இருந்தது, விசாரணையும் இருந்தது. விடை சொல்லாமல் நாற்பது ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை.

எல்லையைக் காப்பதும் வருகிறவரை விசாரிப்பதும் அரசின் கடமை. விசாரித்தபின் முடிவு சொல்வதும் அதே கடமையின் பாகம். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவியும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு ஒரு வழியும் சட்டத்தில் எழுதப்படவேண்டும். அதை எழுதும் பாராளுமன்றம் நம் வீடுகளிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் இருக்கிறது. வாக்குரிமை உள்ள நாம், வாக்குரிமை இல்லாத அவர்களுக்காக நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதலாம்.