விசை சமம், ஆனா வண்டி நிக்கலையே!

இன்னைக்கு நேரா ஒரு கேள்வி. ஓஎம்ஆர்ல ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்துல நேர்கோட்டுல போயிட்டிருக்கு. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போ எது பெருசு? காரை முன்னாடி தள்ளுற விசையா, எதிர்க்கிற காற்றுத்தடையும் டயர் உருள்றதால வர்ற தடையுமா?

ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன். "முன்னாடி தள்ளுறதுதான் பெருசு, இல்லன்னா எப்படி நகரும்?"னு இன்ஜினியரிங் படிச்சவங்களே சொல்றாங்க. ஆனா ரெண்டும் சமம். கூட்டிக் கழிச்சா மிச்சம் பூஜ்யம்.

நியூட்டன் 1687-ல எழுதின முதல் விதி இதுதான். நிகர விசை பூஜ்யம்னா பொருள் நிக்கும்னு அர்த்தம் இல்லை. அது இருக்கிற நிலை மாறாது, அவ்வளவுதான். நின்னுட்டிருந்தா நிக்கும், ஓடிட்டிருந்தா அதே வேகத்துல ஓடும். மழைத்துளியைப் பாருங்க. விழ ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அதோட எடையும் காற்றுத்தடையும் சமமாயிடும். அதுக்காக அது அந்தரத்துல தொங்குறதில்லை. பெரிய துளின்னா மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர்ல இறங்கிட்டே இருக்கும். காற்றே இல்லாம 2 கிலோமீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா, அதே துளி 700 கிலோமீட்டர் வேகத்துல நம்ம தலையில இறங்கும். குடையெல்லாம் எந்த மூலைக்கு!

சரி, இப்போ அந்த காரோட பின்சீட்டுக்கு வருவோம். அங்க உட்கார்ந்திருக்கிற உங்க மேலயும் நிகர விசை பூஜ்யம்தான். அதனாலதான் அசையாம உட்கார்ந்திருக்கிற மாதிரி ஃபீல் ஆகுது. ஆனா ரோட்டைப் பொறுத்தவரை நீங்களும் 60-ல போயிட்டிருக்கீங்க. கார் எதுலயாவது மோதி நின்னா, அந்த விசை காரைத்தான் நிறுத்துது, உங்களை இல்லை. உங்களை நிறுத்த வேற ஏதாவது வேணும். ஒண்ணு பெல்ட், இல்லன்னா முன்சீட்டும் அதுல இருக்கிற ஆளும். 60-ங்கிறது ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்துல இருந்து, அதாவது நாலாவது மாடியில இருந்து விழுந்தா தரையில படுற வேகம்.

குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு, "நான்தான் கெட்டியா பிடிச்சிருக்கேனே"ன்னு சொல்றவங்க நம்ம எல்லார் வீட்டுலயும் உண்டு. கணக்கு போடுவோம். காரோட முன்பக்கம் நசுங்குறதையும் சேர்த்து, அரை மீட்டர் தூரத்துல எல்லாம் நின்னுடுதுன்னு வெச்சுக்கலாம். 10 கிலோ குழந்தையை அதுக்குள்ள நிறுத்த சுமார் 2,800 நியூட்டன் விசை வேணும். கிட்டத்தட்ட 280 கிலோ மூட்டையைத் தூக்குற மாதிரி. அதுவும் கண் சிமிட்டுறதுக்குள்ள. எந்த அம்மாவாலயும் அப்பாவாலயும் முடியாது. இது பாசத்தோட பிரச்சினை இல்லை, கையோட பிரச்சினை.

பெல்ட், நீங்க நிக்கிறதுக்கான தூரத்தை நீட்டுது. தூரம் பத்து மடங்கு ஆனா சராசரி விசை பத்துல ஒரு பங்காகும். குழந்தைக்கு அதோட சைஸுக்கு ஏத்த தனி சீட் வேணும். உங்க பெல்ட்டுக்குள்ளயே குழந்தையையும் சேர்த்துக் கட்டினா, உங்க எடையும் அது மேலதான் அழுத்தும். அப்புறம், நிறைய கேப்ல பின்சீட் பக்கிளை சீட் கவருக்கு அடியில சொருகி வெச்சிருப்பாங்க. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி வெளிய எடுத்துக்கோங்க.