இரு மொழிகள் பொறித்த வெள்ளிக் காசு

பாகாலாவில் தமிழும் தெலுங்கும் அருகருகே ஒலிக்கின்றன. ஒரே காசில் இரு மொழிகள் இடம்பெறும் வழக்கம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

தக்காணத்தை ஆண்ட சாதவாகனர், பெரும்பாலும் ஈயத்திலும் செம்பிலும் காசுகளை வெளியிட்டனர். அவர்களுடைய வெள்ளிக் காசுகள் அரியவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட வாசிட்டிபுத்திர புலுமாவியின் வெள்ளிக் காசு அவற்றுள் ஒன்று. அதன் எடை ஏறக்குறைய 2 கிராம். முன்புறத்தில் மன்னனின் தலை பக்கவாட்டில் காணப்படும். பின்புறத்தில் வளைவுகளை அடுக்கியது போன்ற குன்றும், கூட்டல் குறியின் நான்கு முனைகளிலும் வட்டங்கள் அமைந்த உச்சயினிக் குறியும் இருக்கும்.

மன்னனின் தலையைப் பொறிக்கும் வழக்கம் கிரேக்கரிடமிருந்து வந்தது. வடமேற்கு இந்தியாவை ஆண்ட இந்தோ-கிரேக்கரின் காசுகளை மேலைச் சத்திரபர்கள் பின்பற்றினர். அவர்களைச் சாதவாகனர் பின்பற்றினர். ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்டியரும் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் வெள்ளிக் காசுகளைப் பார்த்துத் தம் காசுகளை உருவாக்கினர். நாளடைவில் அவற்றிலிருந்த முகமும் குதிரையும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் மாறின.

சாதவாகனர் செய்த புதுமை எழுத்தில் இருந்தது. முன்புறத்தில் மன்னன் பெயர் பிராகிருத மொழியில் உள்ளது. பின்புறத்தில் அதே பொருள் ஒரு திராவிட மொழியில் உள்ளது. இரண்டும் பிராமி எழுத்தில் அமைந்தவை. முன்புறத்தில் ‘சிரி’ என்றிருப்பது பின்புறத்தில் ‘திரு’ என்றாகிறது. மகனைக் குறிக்கும் ‘புத’ என்பது ‘மாகண’ என்றாகிறது. பெயரின் இறுதியில் ‘கு’ என்னும் உருபு சேர்கிறது.

இம்மொழி தமிழே என்பர் சிலர். தெலுங்கின் பழைய வடிவம் என்பர் வேறு சிலர். ‘எனக்கு’ என்னும் தமிழ்ச்சொல்லிலும் ‘நாகு’ என்னும் தெலுங்குச் சொல்லிலும் அந்தக் ‘கு’ இன்றும் வாழ்கிறது. பாகாலாவுக்கு அருகிலுள்ள திருப்பதியின் பெயரிலும் அதே ‘திரு’ முதலில் நிற்கிறது.

பிராகிருதம் அரசவையின் மொழி. மறுபுறத்தில் உள்ளதோ மக்கள் பேசிய மொழி. சந்தையில் கைமாறும் காசில் தம் மொழிக்கும் மக்கள் இடம் கண்டனர். ஒரு மொழிக்கு இடமளிக்க மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு அச்சிறு காசு சான்றாகும்.