ஈறில் ரத்தம் வந்தால் எங்கே போவது?

பல் துலக்கும்போது துப்பும் எச்சிலில் ரத்தம் தெரிந்ததும், பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலால் தேய்க்கத் தொடங்குகிறவர்களே நம்மில் அதிகம். பிறகு உப்பு, கிராம்பு எண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை. பல் ஆடத் தொடங்கிய பின்தான் டாக்டர் ஞாபகம் வருகிறது. அப்போதும், "பிடுங்கிடுங்க டாக்டர்" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஈறோரத்தில் தங்கும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து ரத்தம் கசியும் கட்டத்தில் காரையை எடுத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டாலோ, மேலும் கரையாமல் நிறுத்துவதே பெரும்பாடு. பெரும்பாலும் வலி இருக்காது. புகை பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூட அவ்வளவாகக் கசியாது. நோய் மட்டும் உள்ளே வளரும்.

"கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்பது ஒழியாத வதந்தி. ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை கவ்விப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. சுத்தம் செய்தபின் வரும் பல் கூச்சம் சில நாளில் அடங்கிவிடும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. வட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் உண்டு. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்கே தனித் துறை இருக்கிறது. காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்குங்கள். "பல் வலி" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடலாம். "ஈறில் ரத்தம் வருகிறது, காரை எடுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பல் டாக்டர் இருக்கும் நாள்களை வாசல் பலகையில் எழுதக்கூடச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். விசாரித்துக்கொண்டு போங்கள்.

சர்க்கரை நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவே கூடாது.

தனியாரிடம் போகிறவர்கள் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். சட்டப்படி பதிவு அவசியம். போலி என்று சந்தேகம் வந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலைக் கவுன்சிலுக்கு விரைவு அஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் அலட்சியத்தால் பாதிப்பு என்றால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரசீது, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். "பில் வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள், பிறகு எதை வைத்து வாதாடுவார்கள்?

வீட்டில் செய்ய வேண்டியது மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் 2 நிமிடம் துலக்குவது. அடுப்புக்கரி, செங்கல் பொடி வேண்டாம். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். அழுக்கு சேரச் சேர ரத்தமும் கூடும். ஒரு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்கவில்லை என்றால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஓ.பி. வரிசையில் போய் நில்லுங்கள்.