புலி பார்க்கப் போறீங்களா? மாத்திரை டப்பாவை முதலில் பாருங்க!

"புலியைப் பார்த்தீங்களா?"

டூர் முடிந்து வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். பார்த்தோம். நானும் இவரும் பார்த்தோம், குழந்தைகள் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஜிப்சிக்கு முன்னால் முப்பதடி தூரத்தில், யாரையும் லட்சியம் செய்யாமல் மண் ரோட்டைச் சாவகாசமாகக் கடந்து போனது. அதே ஜிப்சியில் உட்கார்ந்திருந்த என் மாமனார் மட்டும் பார்க்கவில்லை. அந்த நேரம் அவருக்கு சுகர் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது 2023 டிசம்பரில், மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா காட்டில். யார் மேலும் தப்பு இல்லை, எங்கள் மேல்தான். கோட்டு, கம்பளி, கேமரா என்று ஒரு மாதமாக எல்லாவற்றையும் யோசித்து எடுத்து வைத்த நாங்கள், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. சஃபாரி போகும் நாளில் நம் வயிற்றின் டைம்டேபிளே தலைகீழாக மாறிவிடும்.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, ஒரு பகல். டெல்லி, ஆக்ரா. அங்கிருந்து கஜுராஹோ. பிறகு கார் வைத்துக்கொண்டு பாந்தவ்கர், அடுத்து கன்ஹா, கடைசியில் ஜபல்பூர். பேடாகாட்டில் நர்மதை நதியையும் பளிங்குப் பாறைகளையும் பார்த்துவிட்டு இட்டார்சி, நாக்பூர் வழியாக ரயிலில் ஊர். மொத்தம் பன்னிரண்டு நாள். மாமாவுக்கு எழுபத்தொரு வயசு. பதினாறு வருஷமாக சுகர், கூடவே பி.பி. அத்தைக்கு முழங்கால் வலி. பையனுக்குப் பத்து வயசு, பெண்ணுக்கு ஏழு.

டெல்லியில் டிசம்பர் மூடுபனியும் புகையும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. ஆஸ்துமாக்காரர்கள் நவம்பரிலிருந்து ஜனவரி வரை டெல்லியில் அதிக நாள் தங்காமல் இருப்பதே நல்லது. இன்ஹேலர் பெட்டிக்குள் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும். இந்த மூடுபனியால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் பன்னிரண்டு நாள் டூருக்குப் பதினைந்து நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து பேட்டரி வண்டி. கஜுராஹோவில் சந்தேல ராஜாக்கள் கட்டிய கோயில்களின் படிகள் ஒவ்வொன்றும் செங்குத்து. அத்தை கீழேயே பெஞ்சில் உட்கார்ந்து, "மேலே என்ன இருக்குன்னு நீ பார்த்துட்டு வந்து சொல்லு, போதும்" என்றார். புத்திசாலித்தனமான முடிவு.

பாந்தவ்கரில் மதியம் தாண்டித்தான் சஃபாரி போனோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதால் ஒரு பிரச்னையும் இல்லை. புலியும் இல்லை! அந்த தைரியத்தில்தான் கன்ஹாவில் மாட்டிக்கொண்டோம்.

அந்தக் காலை

பனிக்காலத்தில் காட்டின் கேட்டைச் சூரியன் உதிக்கும் சமயத்தில்தான் திறப்பார்கள், ஏறக்குறைய ஆறரை மணி. ஆனால் அதற்கு முன்பே வரிசையில் நின்று, டிக்கெட்டில் உள்ள ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். அதனால் நாலரைக்கு எழுப்பிவிட்டார்கள். முதல் நாள் பாந்தவ்கரிலிருந்து ஆறு மணி நேரம் காரில் குலுங்கி வந்த களைப்பில் மாமா ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டார். காலையில் பல் தேய்த்ததும் வழக்கப்படி கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். வீட்டில் என்றால் அரை மணியில் இட்லி வந்துவிடும். இங்கே சர்க்கரை இல்லாத டீ மட்டும்தான். டிபனைப் பொட்டலம் கட்டி வண்டியில் வைத்திருந்தார்கள். காட்டுக்கு நடுவே ஓர் இடத்தில்தான் இறங்க விடுவார்கள், அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார் கைடு. அங்கே போய்ச் சேர எட்டரை, ஒன்பது ஆகும்.

கணக்குப் பாருங்கள். ஐந்து மணிக்கு மாத்திரை. ஒன்பது மணிக்குச் சாப்பாடு. நடுவில் நாலு மணி நேரம், திறந்த ஜிப்சி, முகத்தில் அறையும் குளிர்க்காற்று. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. இரண்டு, மூன்று மணி நேரத்தில் அவற்றின் வேகம் உச்சத்துக்கு வரும். மாமா விஷயத்தில் அந்த உச்சமும் புலியும் ஒரே நேரத்தில் வந்தன.

ஏழே முக்கால் இருக்கும். சால் மரங்களுக்கு நடுவே ஒரு புள்ளிமான் குரல் கொடுத்தது. மரத்து மேலிருந்து குரங்கு கத்தியது. கைடு கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். நாங்கள் மூச்சுவிடாமல் எழுந்து நின்றோம். மாமா மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்பா, எழுந்திருங்க, புலி!" என்று இவர் தோளைத் தொட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் வேணாம், விடு!" என்று எரிந்து விழுந்தார். குழந்தைகள் முன்னால் அவர் அப்படிப் பேசியதே இல்லை. குளிரில் கோபம் என்று நினைத்தோம். அத்தைதான் மப்ளரைச் சரி செய்யப் போய் நெற்றியைத் தொட்டார்.

"ஏம்மா, இங்க வந்து பாரு. இந்தக் குளிர்ல மனுஷனுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது!"

அந்த வேர்வைதான் எங்களைக் காப்பாற்றியது. சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று படித்திருக்கிறோம். மாமாவுக்கு இரண்டுமே பளிச்சென்று தெரியவில்லை. ஏன் என்று ஊருக்கு வந்தபின் எங்கள் டாக்டர் விளக்கினார். பி.பி.க்காக அவர் சாப்பிடும் மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுமாம். வேர்வையை மட்டும் மறைக்காது. உங்கள் வீட்டிலும் சுகருக்கும் பி.பி.க்கும் சேர்த்து மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் இதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். காரணமில்லாத வேர்வை, காரணமில்லாத கோபம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில்... இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் முதலில் இனிப்பு, மற்றதெல்லாம் பிறகு.

என் பெண்ணின் பையில் மாம்பழ ஜூஸ் பாக்கெட் இரண்டு இருந்தது. ஸ்டிராவைக் குத்தி அவர் வாயில் வைத்தேன். ஒன்று முடிந்து இரண்டாவது பாதியில் நிமிர்ந்து பார்த்தார். கால் மணி கழித்து, "எங்கே புலி?" என்றார். அது மூங்கில் புதருக்குள் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

சுகர் எவ்வளவு இறங்கியிருந்தது? அளந்து பார்க்க முடியவில்லை. குளுக்கோமீட்டர் ஓட்டல் ரூமில், சூட்கேசுக்குள் பத்திரமாக இருந்தது!

எது கொடுக்கலாம், எது கூடாது?

மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அதே அளவு குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம்தான் பிஸ்கட், ரொட்டி, பூரி. நாங்கள் முதலில் டிபன் பொட்டலத்தைத்தான் பிரிக்கப் போனோம். எண்ணெயில் செய்த பூரியும் சாக்லேட்டும் இந்த அவசரத்துக்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். வோக்ளிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டியை உடனே கேட்டுக்குத் திருப்பச் சொல்ல வேண்டியதுதான். காட்டுக்குள் வேகமாக ஓட்ட முடியாது, செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. கேட்டுக்கு வந்து, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜபல்பூர் பக்கம், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியானால் சுகர்காரர்கள் சஃபாரியே போகக் கூடாதா? நன்றாகப் போகலாம். டிக்கெட் பதிவு செய்த கையோடு டாக்டரைப் பார்த்து, "காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு" என்று நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் டாக்டர் சொன்ன பதில் சுலபம்: "மாத்திரை கடிகாரத்தோட போகக் கூடாதும்மா, சாப்பாட்டோட போகணும்." டிபன் சாப்பிடும் இடத்தில்தான் மாத்திரை. காலையில் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் டோஸையும் நேரத்தையும் அவரே மாற்றிக் கொடுப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். உபயோகத்தில் உள்ள இன்சுலின் அறை வெப்பத்தில் நாலு வாரம்வரை கெடாது. ஆனால் ஐஸ் கட்டிமேல் நேராக வைத்து உறைந்துபோனால் குப்பையில்தான் போடணும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது

இது பெண்களுக்காக. காட்டுக்குள் கண்ட இடத்தில் இறங்க முடியாது என்றதும் நாம் முதலில் செய்வது தண்ணீரை நிறுத்துவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. கிளம்புவதற்கு ஒரு மணி முன்பு குடித்துவிட்டு, கேட்டில் கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறினால் இடையில் இறங்கும் இடம்வரை தாங்கும். அங்கே மறுபடி குடியுங்கள். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சஃபாரி முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில ஓட்டல்களில் ஜிப்சியில் ஏறும்போது வெந்நீர்ப் பை கொடுப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் பல வருஷ சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் அதைக் காலடியில் வைத்தால் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். மடியில் வைத்துக்கொள்ளட்டும். இருதய நோயாளிகள் மூக்கு, வாய், காதை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். குளிர்ந்த காற்று ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நெஞ்சு வலி வரலாம். நாக்கடியில் வைக்கும் மாத்திரை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதுகுவலிக்காரர்களை ஜிப்சியின் கடைசி சீட்டில் உட்காரவைக்காதீர்கள். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் தண்டுவடத்தில்தான் விழும். டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசை தேவலை. வயசானவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டுச் சின்னவர்கள் பின்னால் குதிக்கட்டும்!

குளிரே வேண்டாம் என்று ஏப்ரல், மே மாதம் போகிறவர்களும் உண்டு. தண்ணீருக்காக மிருகங்கள் குட்டைப் பக்கம் வருவதால் புலி தென்படும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். வெயிலும் 40 டிகிரிக்கு மேல். வயசானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை மத்தியப் பிரதேசப் புலிக் காடுகளின் உட்பகுதியில் சஃபாரி கிடையாது. என்னைக் கேட்டால் நவம்பர் அல்லது பிப்ரவரி கடைசி.

குழந்தைகளுக்கு வந்தது வழக்கமான வயிற்றுப்போக்குதான். ஆக்ராவில் சாட் கடையைப் பார்த்தால் வாயைக் கட்ட முடிகிறதா? பச்சைச் சட்னியும் பானி பூரித் தண்ணீரும்தான் வம்பு. உப்பு-சர்க்கரைப் பவுடர் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கிற வழக்கம் வேண்டாம், அளவு மாறினால் கெடுதல். கையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு கோட்டையிலும் கோயிலிலும் குரங்குகள் பக்கம் போகவும் விடாதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி ஆரம்பிக்க வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்கிற காலமெல்லாம் போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

மறுநாள் காலையும் போனோம். இந்த முறை மாமா மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டும் பாலும் சாப்பிட்டார். குளுக்கோமீட்டர் என் கைப்பையில். புலி வரவில்லை. ஆனால் பனி மூடிய புல்வெளியில் கிளைகிளையாகக் கொம்பு விரித்த பாரசிங்கா மான்கள் கூட்டமாக நின்றன. 1970-ல் கன்ஹாவில் அவை 66-தான் மிஞ்சியிருந்தனவாம். வேலி போட்டுக் காத்து, மறுபடி நூற்றுக்கணக்கில் பெருக்கியிருக்கிறார்கள். மாமா பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. மத்திய இந்தியக் காட்டுப் பகுதிகளில் மலேரியா உண்டு. சாயங்காலமானால் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு, ராத்திரி கொசுவலை. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதைப் போவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள், சில வகை மலேரியாவில் பல மாதம் கழித்தும்கூட, காய்ச்சல் வரலாம். அப்போது பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போனதும் "மத்தியப் பிரதேசக் காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை அவர் அன்றைக்கே எழுதிக் கொடுப்பார்.