பரங்கிக்காயில் புரதம் தேடாதீர்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் வட அமெரிக்க வீடுகளில் பரங்கிக்காய் மணக்கத் தொடங்கிவிடும். பரங்கிக்காயை மசித்து, கோதுமை மாவும் முட்டையும் சேர்த்து, பட்டைத்தூள் தூவி, கட்டம் கட்டமாய் வரி விழும் இரும்பு அச்சில் வார்த்தெடுக்கும் வாஃபல் அங்கே இலையுதிர் காலத்துக் காலை உணவு. அண்மைக் காலமாக அதன்மேல் ‘புரதம் நிறைந்தது’ என்ற முத்திரையும் ஏறியிருக்கிறது. பேராக்கில் இலையுதிர் காலம் கிடையாது. இங்கே கூட்டமாய் இலை உதிர்ப்பது ரப்பர் மரம்தான். அதுவும் பிப்ரவரி, மார்ச் வெயிலில். அக்டோபரும் நவம்பரும் நமக்குத் தீபாவளி மழைக்காலம். விடிந்தும் இருள் விலகாத அந்த ஈரக் காலையில் சூடாக ஒன்றைப் பசியாறத் தோன்றுவது இயல்பே. வாஃபல் வந்தால் வரட்டும். ஆனால் அதன் புரதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. 100 கிராம் பரங்கிக்காயில் புரதம் 1 கிராம்தான். மீதியில் பெரும்பங்கு தண்ணீர். அந்த முத்திரைக்கு முட்டையோ புரதப்பொடியோதான் பொறுப்பு. நம் வீட்டில் அந்த வேலையைப் பருப்பு செய்யும், அதுவும் மலிவாக.

உழைப்பு மாறியது, பசியாறல் மாறவில்லை

1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாய் நிற்கிறது. அந்தப் பயிரை நம்பிப் பேராக்கின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வயிறும் அந்தப் பயிரின் நேரத்துக்கே பழகியது. வெயில் ஏறுமுன்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கு மங்காய்ப் பாலெடுத்து, வாளியைச் சுமந்து வர வேண்டும். அப்படிப்பட்ட உடம்புக்குப் பழைய சோறும், கோதுமை மாவு ரொட்டியும், சீனி தூக்கலான கோப்பியும் எரிபொருள். உள்ளே போன மாவுச்சத்து நண்பகலுக்குள் தசையில் எரிந்துவிடும். அந்த உணவில் புரதம் குறைவுதான். அதற்கான விலையை அன்றைய குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கொடுத்தார்கள். ஆனாலும் மிகுந்துபோன சர்க்கரை அன்று பெருஞ்சிக்கலாக இருக்கவில்லை.

பிறகு ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, அல்லது வீடமைப்புத் திட்டம் வந்தது. சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் பெயர்ந்தன. பால் வெட்டியவரின் பிள்ளை பாதுகாவலர் நாற்காலியில் அமர்ந்தார், லாரி ஓட்டினார், தொழிற்சாலையில் மாறுநேர வேலைக்குப் போனார். காலைத் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. இன்னும் கொழுப்புச் சேர்ந்தது. கடையில் வாங்கும் ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது, புரதமோ 7 கிராமை ஒட்டித்தான். இரண்டு சாப்பிட்டு, கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒன்றும் குடித்தால் ஒரு மரம்கூடச் சீவாத உடம்புக்குத் தோட்டக்காரரின் தீனி கிடைத்துவிடுகிறது. தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி இருக்கிறதே என்பார்கள். அந்தக் கிண்ணத்தில் கரண்டியை விட்டுப் பார்த்தால் தெரியும், பருப்பு அடியில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் நிலவர ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது, அதிலும் இந்தியர்களே முன்னிலையில். இனிப்பு நீர் வருவதற்குக் காலை உணவு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். பரம்பரை, வருமானம், தூக்கம், மாறுநேர வேலை எல்லாம் இதில் பங்காளிகள். தெற்காசிய உடல்களில் அதே எடைக்குத் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைப் புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் போன்றோர் நீண்ட காலமாக எடுத்துக்காட்டி வருகிறார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதில் தசைக்குப் பெரும்பங்கு உண்டு. தசை குறைந்த உடம்புக்கு மாவுச்சத்தைக் கூட்டி, தசையைக் காக்கும் புரதத்தைக் குறைத்துக் கொடுப்பது இரட்டைத் தவறு. பரம்பரையை மாற்ற முடியாது. மாவு அரைக்கும் விகிதத்தை இன்று இரவே மாற்றலாம்.

புந்தோங்கில் கிடைப்பது தட்டில் ஏன் இல்லை?

தோசை சாப்பிடுகிறோமே, அதில் உளுந்து இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மூன்று அல்லது நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதே வழக்கம். அந்த மாவில் பருப்பு துணைக்கு வந்த விருந்தாளி. அடையில் இதற்கு நேர்மாறாகப் போகலாம்: பருப்பு இரண்டு பங்கு, அரிசி ஒரு பங்கு. உலர்ந்த பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம். பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி ஈடுசெய்கிறது, அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது. ஆகவே அரிசியை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. விகிதத்தைத் திருப்பிப் போட்டால் போதும்.

நாடெங்கும் கச்சாங் பூத்தேக்குப் பேர்போன புந்தோங் ஈப்போவில்தான் இருக்கிறது. கடலையும் பட்டாணியும் முறுக்கும் எண்ணெயில் பொரிந்து அங்கிருந்து ஊர் ஊராய்ப் போகின்றன. பருப்பின் சுவை நமக்கு அந்நியமில்லை. அதை உப்பும் எண்ணெயுமாய் மாலையில் கொறிக்கிறோம், காலையில் சாப்பிடுவதில்லை. ஈப்போவின் இன்னொரு பெருமையான தவ்கே முளையும் பயறுதான். ஆனால் முளை நீண்டு தண்ணீர் ஏறிய பிறகு 100 கிராமில் 3 கிராம் புரதம்தான் மிஞ்சுகிறது. அதைக் காய்கறிக் கணக்கில் வைத்துக்கொள்வதே சரி.

புரதத்துக்கு அந்த அடை மாவையே வாஃபல் அச்சில் வார்த்தால் போதும் என்றால் பரங்கிக்காய் எதற்கு? மூன்று காரணங்களுக்கு. பருப்பு மாவு வெந்ததும் வறண்டு விறைக்கும். பரங்கிக்காய் அதற்கு ஈரமும் மென்மையும் தரும். சீனி போடாமலே லேசான இனிப்பு வரும். குழந்தைகள் முகம் சுளிக்காமல் உண்பார்கள். மூன்றாவதாக, அந்த மஞ்சள் நிறமே பீட்டா கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் அது குடலில் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் அச்சில் தடவும் எண்ணெயைக் குற்ற உணர்வோடு பார்க்க வேண்டாம். பரங்கியில் உண்மையான புரதம் இருக்கும் இடம் நாம் குப்பைக்கு அனுப்பும் விதை. ஓடு நீக்கிய பருப்பில் 100 கிராமுக்கு 30 கிராம் புரதம், கூடவே மக்னீசியமும் துத்தநாகமும். அதைத்தான் குவாச்சி என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

காலையில் தின்ற பருப்பு மதியத்திலும் வேலை செய்யும்

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 1982இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும். காலையில் ஒருநாள் முழுக்கோதுமை ரொட்டியும், இன்னொரு நாள் மாவுச்சத்து அளவு அதற்குச் சமமான மைசூர்ப் பருப்பு வகையும் கொடுத்துப் பார்த்தார்கள். பருப்பு சாப்பிட்ட நாளில் காலையில் மட்டுமல்ல, பிறகு உண்ட மதிய உணவுக்கும் சர்க்கரை ஏற்றம் குறைந்திருந்தது. பருப்பின் மாவுச்சத்து நார்ச்சத்தோடும் புரதத்தோடும் பின்னிக் கிடப்பதால் மெல்லக் கரைகிறது. குடலில் அதன் தாக்கம் அடுத்த வேளைவரை நீள்கிறது. 2015இல் நியூயார்க்கில் அல்பனா சுக்லா குழுவினர் நீரிழிவாளர்களுக்குக் காய்கறியையும் கோழியையும் முதலில் கொடுத்து, ரொட்டியையும் பழச்சாற்றையும் பின்னால் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வரிசையை மாற்றி உண்ட நாளைவிடச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உணவு அதேதான், வரிசைதான் வேறு.

இவை சிறிய ஆய்வுகள், சுக்லா குழுவில் 11 பேர்தானே என்பது நியாயமான மறுப்பு. ஒரு வேளை இரத்தச் சோதனையை வைத்துக்கொண்டு நோயே தீரும் என்று எழுதுவது மோசடி. ஆனால் இங்கே கேட்பது மருந்தை நிறுத்தச் சொல்லியல்ல. ஒரே மாவில் இரண்டு பொருள்களின் அளவை மாற்றச் சொல்லித்தான். பெரும்பாலானோருக்கு இதில் தவறினாலும் இழப்பு பெரிதில்லை. மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லிவரும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ தட்டிலும் கால் பங்குதான் சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். காலைத் தட்டுக்கும் அதுவே அளவுகோல் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மாவு, அச்சு, ஆவி

நான்கு பேருக்குக் கடலைப்பருப்பு 100 கிராம், துவரம்பருப்பு 50, உளுந்து 50, அரிசி 100 போதும். மாலையில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, இஞ்சியோடு ரவைப் பதத்துக்கு அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். அடை மாவுக்குப் புளிப்பு தேவையில்லை. நைசாக அரைத்தால் வாஃபல் களிபோல் ஆகும். கையால் தொட்டால் குறுணை தட்டுப்பட வேண்டும். காலையில் 200 கிராம் பரங்கிக்காயைத் துருவி, சிட்டிகை உப்பிட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஊறும் நீரைப் பிழிந்து மாவில் சேருங்கள். இந்தப் பிழிதலை விட்டால் மொறுமொறுப்பு வராது. இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த பரங்கி விதை, வெங்காயம், கறிவேப்பிலை. அச்சு நன்றாகக் காய்ந்த பின் எண்ணெய் தடவி ஊற்றி மூடுங்கள். ஓரங்களில் ஆவி சீறிக்கொண்டு வரும். அது அடங்கும்வரை திறக்கக்கூடாது. அவசரப்பட்டால் மேல்தகட்டில் பாதியும் கீழ்த்தகட்டில் பாதியுமாய்ப் பிய்ந்துவிடும். அச்சு இல்லாத வீட்டில் தோசைக்கல் போதும், புரதம் அச்சில் இல்லை.

கணக்குப் போட்டால் பருப்பிலிருந்து 45 கிராம், அரிசியிலிருந்து 7, முட்டையில் 12, விதையில் 9, பரங்கிக்காயில் 2. ஆளுக்கு ஏறத்தாழ 19 கிராம். ஒரு நாளைக்கு ஆணுக்கு 60 கிராமைச் சுற்றியும் பெண்ணுக்கு 50ஐச் சற்றுத் தாண்டியும் தேவை என்ற மலேசியப் பரிந்துரையோடு வைத்துப் பார்த்தால் காலையிலேயே மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. முட்டை சேர்க்காத வீட்டில் 16 கிராம். தயிரோ சிறிது தௌஹுவோ சேர்த்தால் விட்டதைப் பிடித்துவிடலாம். மச்சம் சாப்பிடுவோர் பங்கோர் நெத்திலியை இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிய பின் தூவிக்கொள்ளலாம். தேனோ பாகோ ஊற்றினால் செய்த வேலையெல்லாம் வீண். தேங்காய்ச் சட்னியோ தக்காளிச் சட்னியோ போதும்.

எதிர்க்கேள்விகள் சில

இனிப்பு நீர் உள்ளவர் பரங்கிக்காய் சாப்பிடலாமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. பரங்கிக்காயின் சர்க்கரை உயர்த்தும் குறியீட்டெண் அதிகம் என்று பட்டியல்கள் காட்டுவது உண்மை. ஆனால் அந்த எண் வேகத்தை மட்டும் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 100 கிராம் பரங்கிக்காயில் மொத்த மாவுச்சத்தே 6 அல்லது 7 கிராம். நம் கணக்கில் ஆளுக்கு 50 கிராம் காய். அதைப் பார்த்துப் பயப்படுபவர் தே தாரிக் கோப்பையைப் பார்த்து இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். பருப்பு வாயு என்ற புகாரில் உண்மை இருக்கிறது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதன் நாரைப் புளிக்க வைப்பதால் வருவது அது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுவதும், முதலில் சிறு அளவில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டுவதும் பெரும்பாலானோருக்குப் பலன் தரும்.

விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிப்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்டால், அது சோம்பேறித்தனத்தின் கேள்வியல்ல. அவர்களுக்கு வாஃபல் வடிவம் உண்மையில் உதவுகிறது. விடுமுறை நாளில் பத்துப் பன்னிரண்டு வார்த்து உறைபெட்டியில் வைத்தால் ரொட்டி வாட்டியில் இரண்டு முறை சூடாக்கிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். அடையை அப்படி வைத்தால் தோல்போல் இழுக்கும். வாஃபலின் குழிகள் மீண்டும் மொறுமொறுப்பாகும்.

யார் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்

மலேசியாவில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போவோரில் பெரும்பங்கினரை அங்கே கொண்டுசெல்வது நீரிழிவுதான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவருக்குப் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. பருப்பு, பரங்கிக்காய், விதை மூன்றும் அந்த வரம்பைத் தொடுபவை. அவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை: காலையில் இன்சுலின் போடுபவர்கள், கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள். இரண்டு ரொட்டி சானாயின் 90 கிராம் மாவுச்சத்துக்கும் இனிப்புத் தேநீருக்கும் ஏற்ப அவர்களின் மருந்தளவு அமைந்திருக்கலாம். திடீரென்று அது 55 கிராம் அளவுக்கு இறங்கினால் பத்து மணிவாக்கில் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். அவர்கள் அடுத்த முறை சுகாதார மருந்தகத்துக்குப் போகும்போது மாவின் அளவுகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப்போய்க் காட்டி, மருந்தளவை மருத்துவர் பார்த்த பிறகு தொடங்கட்டும். முதல் சில நாள்களுக்குப் பசியாறுமுன் ஒரு முறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் விரல்நுனியில் குத்திப் பார்த்து எண்ணைக் குறித்து வைப்பது மருத்துவருக்கும் உதவும்.