தண்டுவட மரப்பு நோய்: உணவு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஒரு கண்ணில் மட்டும் வலியுடன் பார்வை மங்குதல், கை கால்களில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், ஓய்வெடுத்தும் தீராத களைப்பு ஆகியவை சில வாரங்கள் நீடித்துத் தாமாகவே தணிந்தால், பெரும்பாலோர் அவற்றை மறந்துவிடுவர். அவை மீண்டும் தோன்றும்போது நரம்பியல் மருத்துவர் ஐயுறும் நோய்களுள் ஒன்று மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். தமிழக அரசு இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்று குறிப்பிடுகிறது.

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உள்ளது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே அவ்வுறையைத் தாக்குவதால் நரம்புவழிச் செய்திகள் தடைப்படுகின்றன. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக, இந்நோய் தொடங்குகிறது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது அது.

குளிர்நாடுகளில் இந்நோய் மிகுதி. ஆயினும் மும்பைக்கு இது புதியதன்று. இந்நகரில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் நோஷிர் வாடியா, பார்சி சமூகத்தினரிடையே இது கணிசமாகக் காணப்படுவதை 1990-இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டினார். இந்திய மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் சங்கம் 1985-இல் மும்பையில்தான் தொடங்கப்பட்டது.

நோய் உறுதியானதும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, "என்ன சாப்பிடலாம், எதை விலக்க வேண்டும்?" என்பதாகும். இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நார்வே நாட்டில் மீன் மிகுதியாக உண்ணும் கடலோர மக்களைவிட, பாலும் வெண்ணெயும் இறைச்சியும் மிகுதியாக உண்ணும் உள்நாட்டு வேளாண் மக்களிடம் இந்நோய் கூடுதலாக இருப்பதை நரம்பியல் மருத்துவர் ராய் ஸ்வாங்க் கவனித்தார். 1940-களின் இறுதியில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தம் நோயாளிகளுக்குக் கொழுப்பு குறைந்த உணவுமுறையை விதித்தார். 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990-இல் 'லான்செட்' இதழில் முடிவுகளை வெளியிட்டார். நாளொன்றுக்கு 20 கிராம் கொழுப்பு என்ற வரம்புக்குள் நின்றவர்கள், அதை மீறியவர்களைவிட நெடுங்காலம் நலமாக இருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு.

கேட்பதற்கு நம்பிக்கையூட்டும் முடிவுதான். ஆனால் உணவுமுறையைப் பின்பற்றாத ஒரு குழுவைத் தொடக்கத்திலேயே குலுக்கல் முறையில் பிரித்து அவர் ஒப்பிடவில்லை. கடைக்கு நடந்து சென்று, தாமே பார்த்து வாங்கிச் சமைக்க இயன்றவரே கட்டுப்பாட்டைக் காக்க முடியும். நோய் முற்றியவர் பிறர் தருவதை உண்பார். அவ்வாறாயின் உணவால் நலம் வந்ததா, நலமாக இருந்ததால் உணவுமுறை கைகூடியதா என்று பிரித்தறிய இயலாது. மேலும், இந்நோய் தொடக்க ஆண்டுகளில் தாக்குவதும் தணிவதுமாகவே இயங்கும். தாக்குதலுக்குப் பின் எந்தப் பத்தியத்தைத் தொடங்கினாலும், இயல்பாக வரும் தணிவு அப்பத்தியத்தின் வெற்றியாகத் தோன்றும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்வாங்க் உணவுமுறையை, மருத்துவர் டெர்ரி வால்ஸ் வகுத்த முறையுடன் ஒப்பிட்டது. ஸ்வாங்க் முறையில் தானியத்திற்கு இடமுண்டு. வால்ஸ் முறை தானியம், பருப்பு, பால் ஆகியவற்றை விலக்குகிறது. முரண்பட்ட இவ்விரண்டிலுமே நோயாளிகளின் களைப்பு குறைந்தது. இரண்டுக்கும் பொதுவானவை காய்கறியும் பழமும் மிகுதல், பொட்டலத் தின்பண்டங்கள் குறைதல் ஆகியவையே. எனவே இட்லியையும் சாம்பாரையும் நம் அடுக்களையிலிருந்து வெளியேற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் நிறுவப்படவில்லை.

மும்பைத் தமிழர் இல்லங்களில் இவற்றைக் கடைப்பிடிப்பது கடினமன்று. மாட்டுங்கா சந்தையில் கீரையும் முருங்கையும் கிடைக்கின்றன. மீன் உண்போர்க்கு, இங்கே பாங்டா எனப்படும் அயிலையும், சாளையும் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த எளிய விலை மீன்கள். பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நன்று. வடை, பூரி, வடாபாவ் போன்றவை அன்றாட உணவாகாமல் எப்போதாவது உண்பவையாக இருக்கட்டும்.

சைவ உணவினர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கொழுப்புக்கு அஞ்சிப் பாலையும் தயிரையும் முற்றிலும் விட்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறையும் தண்டுவடத்தைத் தாக்கி மரமரப்பையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. ஆடை நீக்கிய பாலும் தயிரும் போதுமானவை. மலச்சிக்கல் இந்நோயில் பரவலான தொல்லை. சிறுநீர்த் தொல்லைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால் அது மேலும் கடுமையாகும்.

வெயில் நிறைந்த நாட்டிலும், அடுக்ககங்களிலும் தாராவியின் நெருங்கிய சந்துகளிலும் வாழ்வோர்க்கு வைட்டமின் டி குறைவது இயல்பு. நோயின் தொடக்கநிலையில் இருந்தோருக்கு உயர் அளவு வைட்டமின் டி கொடுத்தபோது நோயின் செயற்பாடு குறைந்ததாக 2025-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு தெரிவிக்கிறது. ஆனால் மருத்துவர் கண்காணிப்பின்றி உயர் அளவை உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதடையலாம்.

ஸ்வாங்க் தம் முறையைத் தொடங்கிய நாளில் இந்நோயின் போக்கை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. முதல் மருந்தான பீட்டா இன்டர்ஃபெரான் 1993-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று ஊசியாகவும் மாத்திரையாகவும் பல மருந்துகள் உள்ளன. அவை புதிய தாக்குதல்களைக் குறைப்பது ஒப்பீட்டு ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. எந்த உணவுமுறைக்கும் அத்தகைய சான்று இல்லை. அறிகுறி இல்லாத காலத்திலும் மூளையில் புதிய தழும்புகள் தோன்றக்கூடும், எம்.ஆர்.ஐ. படத்தில் மட்டுமே அவை தெரியும். அழிந்த நரம்பிழை மீள்வதில்லை. "பத்தியம் போதும்" என்று மருந்தை நிறுத்துவோர் இழப்பது இதைத்தான்.

மருந்துச் செலவு பெரிது. ஆகவே குடும்பத்தின் நிதித் திட்டமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மாற்றுத்திறன் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்றோர் சட்டம் வழங்கும் சலுகைகளைக் கோரலாம். தீவிர நோய்க் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் இந்நோய் இடம்பெறுகிறது. ஆனால் நரம்புக் குறைபாடு தொடர்ந்து 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. எனவே மருத்துவர் குறிப்புகள், எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பாதுகாத்து வைப்பது அவசியம். நோய் வருமுன்னரே காப்பீடு எடுத்தோர்க்கே இத்திட்டங்கள் பயன்படும் என்பதையும் நினைவில் கொள்க.

புதிய பத்தியம் எதையும் தொடங்குமுன் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் கலந்து பேசுங்கள். நல்ல உணவு களைப்பைக் குறைத்து, எடையையும் எலும்பையும் இதயத்தையும் காக்கும். மருந்தோடு சேர்ந்து நிற்கும்போதே அதன் பயன் முழுமையாகும்.