மின்னணு நாற்சக்கர இயக்கம்

மின்னணு நாற்சக்கர இயக்கம் என்பது எஞ்சினின் திருப்புவிசையை வாகனத்தின் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளித்து, அந்தப் பகிர்வை உணரிகள், கட்டுப்பாட்டுக் கணினி, மின்சாரத்தால் இயங்கும் கிளட்ச் ஆகியவற்றின் துணையுடன் நெறிப்படுத்தும் அமைப்பாகும். பழைய ஜீப்புகளில் ஓட்டுநர் தனி நெம்புகோலை இழுத்துச் செய்த வேலையை இங்கே கணினி நொடிக்குப் பல முறை செய்கிறது. சேறு, மணல், மழையில் நனைந்த மலைப்பாதை போன்ற வழுக்கும் தரைகளில் இது பயன்படுகிறது. இவ்வமைப்பு தரைப்பிடிப்பைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாகாமல் பயன்படுத்துகிறது. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது ஓட்டுநரின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.

சக்கரங்களின் வேக வேறுபாடு

வாகனம் நேராகச் செல்லும்போது நான்கு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்கின்றன. திரும்பும்போது அப்படியில்லை. திருவண்ணாமலையில் தேர் மாடவீதியின் மூலையில் திரும்பும்போது, உட்புற வடத்தைப் பிடித்திருப்போர் சில அடிகள் மட்டுமே நகர்வர். வெளிப்புற வடத்தைப் பிடித்திருப்போர் விரைந்து நடக்க வேண்டியிருக்கும். வாகனத்தின் உட்புற, வெளிப்புறச் சக்கரங்களுக்கும் இதே நிலைதான்.

இதை எளிய கணக்கால் அறியலாம். கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். மலையை வலப்புறம் வைத்து ஒரு சுற்று வரும் வாகனத்தின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். சுற்று முடியும்போது இடது சக்கரம் வலது சக்கரத்தைவிட 2 × 3.14 × 1.5, அதாவது சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக உருண்டிருக்கும். வழியில் எத்தனை வளைவுகள் இருந்தாலும் இந்த விடை மாறாது. மலை பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் விடை அதுவே.

முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.75 மீட்டர் தூரமுள்ள வாகனம் ஒன்று கொண்டை ஊசி வளைவில் திரும்புவதாகக் கொள்வோம். பின் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் அரைவட்டமாகச் சென்றால், அது கடக்கும் தூரம் 15.7 மீட்டர். முன் அச்சின் ஆரம் பிதாகரஸ் தேற்றத்தின்படி சுமார் 5.7 மீட்டர், எனவே அது கடக்கும் தூரம் 17.9 மீட்டர். ஒரே வளைவில் 2.2 மீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது.

டிஃபரன்ஷியலும் அதன் குறையும்

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பற்சக்கரத் தொகுதி டிஃபரன்ஷியல் எனப்படும். இது இரு சக்கரங்களுக்கும் திருப்புவிசையைச் சமமாகவே பிரித்துக் கொடுக்கும். இதன் குறையும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் அதைச் சுழற்றச் சிறிதளவு விசையே போதும். அதே சிறிதளவு விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். ஆகவே ஒரு சக்கரம் வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்கும்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி டிரான்ஸ்பர் கேஸ் எனப்படுகிறது. பழைய ஜீப்புகளில் இது இரு அச்சுகளையும் இறுகப் பிணைத்துவிடும். சேற்றில் இது நன்மையே. சக்கரங்கள் சற்று வழுக்கி, மேலே கண்ட 2.2 மீட்டர் வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் டயர்கள் எளிதில் வழுக்குவதில்லை. அதனால் தண்டுகள் முறுக்கேறி, ஸ்டீயரிங் கனத்து, நாளடைவில் பற்சக்கரங்கள் பழுதாகும். சாலைக்கு ஏற்பப் பிணைப்பை இறுக்கவும் தளர்த்தவும் வேண்டிய தேவையிலிருந்தே மின்னணு முறை உருவானது.

அமைப்பின் உறுப்புகள்

உணரிகள்: ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக உணரி இருக்கும். ஏபிஎஸ் பிரேக்குக்காகப் பொருத்தப்பட்ட அதே உணரிதான் இதற்கும் பயன்படுகிறது. ஸ்டீயரிங் திரும்பிய கோணம், ஆக்சிலேட்டர் மிதியின் நிலை, வாகனம் பக்கவாட்டில் சுழலும் வேகம் ஆகியவற்றை அறியத் தனி உணரிகள் உள்ளன.

கட்டுப்பாட்டு அலகு: இது ஒரு சிறு கணினி. ஸ்டீயரிங் கோணத்தைக் கொண்டு ஒவ்வொரு சக்கரமும் எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையான வேகத்தோடு ஒப்பிடும். வளைவினால் வரும் வேறுபாடு இயல்பானது. அதற்கு மேற்பட்டது வழுக்கல். எஞ்சின், பிரேக் ஆகியவற்றின் கணினிகளோடு இது கேன் எனப்படும் தகவல் இணைப்பு வழியாகப் பேசும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை வேகமாக அழுத்தினால், சக்கரம் வழுக்குவதற்கு முன்பே பிணைப்பை இறுக்கவும் இதனால் முடியும்.

பல்தட்டு கிளட்ச்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்று எஞ்சின் பக்கத் தண்டோடும், மற்றவை இரண்டாம் அச்சுக்குச் செல்லும் தண்டோடும் இணைந்திருக்கும். மின்காந்தம், மின்மோட்டார், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றுள் ஒன்று தட்டுகளை நெருக்கும். நெருக்கம் கூடக்கூட இரண்டாம் அச்சுக்குச் செல்லும் விசையும் கூடும்.

பிரேக்கின் உதவி: வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் போட்டுப் பிடிக்கும். அதைச் சுழற்ற இப்போது கூடுதல் விசை தேவைப்படுவதால், டிஃபரன்ஷியல் மறு சக்கரத்துக்கும் அதே கூடுதல் விசையை அனுப்பும். டிஃபரன்ஷியலின் குறையே இங்கு வழியாக மாறுகிறது.

வகைகள்

பகுதிநேர வகையில் ஓட்டுநர் பொத்தானையோ திருகியையோ கொண்டு இருசக்கர, நாற்சக்கர நிலைகளைத் தேர்ந்தெடுப்பார். சிறு மின்மோட்டார் டிரான்ஸ்பர் கேஸுக்குள் இணைப்பை மாற்றும். இதிலுள்ள தாழ்நிலை, வேகத்தைக் குறைத்துத் திருப்புவிசையைப் பெருக்கும். பல வாகனங்களில் இப்பெருக்கம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

தேவைநேர வகையில் வாகனம் பெரும்பாலும் ஓர் அச்சின் விசையிலேயே செல்லும். கணினி தேவையை உணரும்போது மட்டும் கிளட்ச் மற்ற அச்சையும் சேர்த்துக்கொள்ளும்.

இருமோட்டார் வகை மின்வாகனங்களுக்கு உரியது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார் என்பதால் இடையில் தண்டோ டிரான்ஸ்பர் கேஸோ தேவையில்லை. 2025இல் அறிமுகமான டாட்டா ஹாரியர் மின்வாகனத்தின் நாற்சக்கர இயக்க வடிவம் இவ்வகையைச் சேர்ந்தது.

வரலாறும் தமிழ்நாடும்

1986இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 959, 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆகியவை மின்னணுக் கட்டுப்பாட்டில் விசையைப் பகிர்ந்த தொடக்ககால வாகனங்களுள் குறிப்பிடத்தக்கவை.

தமிழ்நாட்டுக்கும் இத்தொழில்நுட்பத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா சிட்டியில் மகிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. 2022இல் வெளியான ஸ்கார்ப்பியோ-என் வாகனத்தின் நாற்சக்கர வடிவத்தில், இயல்பு, புல்-சரளை-பனி, சேறு, மணல் எனத் தரைக்கேற்ற நிலைகளை ஓட்டுநர் தேர்ந்தெடுக்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் செய்யூரில் இந்நிறுவனத்தின் சோதனைத் தடமும் உள்ளது. இது திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறு அன்று. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எண்டெவர், விசையைத் தேவைக்கேற்பப் பகிரும் டிரான்ஸ்பர் கேஸைக் கொண்டிருந்தது. இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021இல் அறிவித்தது.

வரம்புகள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் மண்பாதைகள் போன்றவை மழைக்காலத்தில் வழுக்கும். அத்தகைய பாதையில் உராய்வுக் குணகம் 0.3 என்றும், வாகன எடை நான்கு சக்கரங்களிலும் சமமாக அமைவதாகவும் கொள்வோம். இருசக்கர இயக்க வாகனம் எடையில் பாதியை மட்டுமே பிடிப்புக்குப் பயன்படுத்துவதால், 100 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 15 மீட்டர் உயரும் சரிவு வரையே ஏறும். நாற்சக்கர இயக்க வாகனம் 30 மீட்டர் உயரும் சரிவு வரை ஏற முடியும்.

இறங்கும்போது நிலைமை வேறு. பிரேக் எல்லா வாகனங்களிலும் நான்கு சக்கரங்களிலும் செயல்படுகிறது. நாற்சக்கர இயக்கம் அதற்கு எதையும் கூட்டுவதில்லை. இருசக்கர வாகனம் தான் ஏறிய சரிவில் இறங்கும்போது, தரைப்பிடிப்பில் ஏறக்குறைய பாதி கைவசம் இருக்கும். நாற்சக்கர வாகனமோ அந்தக் கையிருப்பு முழுவதையும் ஏறுவதற்கே செலவிட்டிருக்கும். அதே சரிவின் எல்லையில் இறங்கும்போது பிரேக் வாகனத்தை நிறுத்தாது. ஏற முடியாமல் நின்றுபோவது இருசக்கர வாகனத்தின் குறை மட்டுமன்று, ஓர் எச்சரிக்கையும் ஆகும். இறக்கத்தில் தானாகப் பிரேக் போடும் மின்னணு வசதியும் இதே உராய்வுக்குக் கட்டுப்பட்டதே.

சமதளத்திலும் இது பொருந்தும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் பிரேக் பிடித்த பின், குணகம் 0.7 உள்ள உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும், 0.3 உள்ள ஈரமண்ணில் சுமார் 21 மீட்டர் தேவைப்படும். எத்தனை சக்கரங்கள் இயக்கப்படுகின்றன என்பதால் இது மாறாது.

பராமரிப்பு

நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். ஒன்று சிறியதாக இருந்தால் அது எப்போதும் வேகமாகச் சுழலும். கணினி அதை வழுக்கல் என்று கொள்ளக்கூடும், கிளட்சும் வீணாகச் சூடேறித் தேயும். பழுதான வாகனத்தை இரு சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்லாமல், கையேட்டில் வேறு வழி கூறப்பட்டிருந்தாலன்றி, நான்கையும் தூக்கி ஏற்றிச் செல்வதே பாதுகாப்பானது. பகுதிநேர வகையில், உலர்ந்த தார்ச்சாலையை அடைந்ததும் இருசக்கர நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.